வெள்ளிக்கிழமை எடுப்பு, திங்கட்கிழமை வைப்பு

ஆவணி பிறந்துவிட்டால் எங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் வெள்ளிக்கிழமைகளில் நிற்க இடம் இருக்காது. எல்லாரும் பணயத்தில், அதாவது அடகில், கிடக்கும் நகையை எடுக்க வருகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை சொந்தத்தில் கல்யாணம் இருக்கும். வெறும் கழுத்தோடு போய் நிற்க முடியாது என்று எங்கேயோ கைமாற்று வாங்கி, அசலும் வட்டியும் கட்டி, பொதியைப் பிரித்து வாங்கிக்கொண்டு போவார்கள். திங்கட்கிழமை காலையில் அதே ஆட்கள், அதே நகையோடு வருவார்கள். நான் மறுபடியும் உரைகல்லில் உரசி, எடை போட்டு, பொன் அல்லாததற்குக் கழிவு பார்த்து, எழுதி, கட்டி, முத்திரை வைக்க வேண்டும். கைமாற்று கொடுத்தவர் வாசலில் பைக்கில் உட்கார்ந்தபடி காத்திருப்பார். கடன் பணம் கைக்கு வந்ததும் முதலில் அவருக்குத்தான் எண்ணிக் கொடுப்பார்கள். அந்த மூன்று நாளுக்கும் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று தனி வட்டி உண்டு.

நான் நகை மதிப்பீட்டாளர். கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவில், தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் நடுவில் ஒரு சங்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கூட வேலை பார்ப்பவர்கள் அப்ரைசர் என்பார்கள். வயதானவர்களுக்கு இன்றைக்கும் நான் ஆசாரிக்க மவன்தான். மாதச் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு கடனுக்கும் ஒரு சிறிய மதிப்பீட்டுக் கட்டணம், அதில்தான் குடும்பம் நடக்கிறது. ஊரில் கஷ்டம் கூடினால் என் வருமானம் கூடும். இது என்னை உறுத்தாத நாள் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு ஊரின் பொருளாதாரத்தைப் பஞ்சாயத்துக் கணக்கில் பார்ப்பதைவிட நகைப் பெட்டகத்தில் நன்றாகப் பார்க்கலாம். மே, ஜூன் மாதங்களில் பள்ளி, கல்லூரிக் கட்டணம் கட்ட வருவார்கள். ஆனி, ஆடியில் தென்மேற்கு மழை தொடங்கினால் ரப்பர் பால்வெட்டு நின்றுவிடும். மழை படாமல் மரத்துக்கு பிளாஸ்டிக் கட்டியவர்கள் கொஞ்சம் சமாளிப்பார்கள். மற்றவர்களுக்கு வெட்டு இல்லை என்றால் கூலி இல்லை. இங்கே ஒரு மழை மட்டும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை வந்து இன்னொரு தடவை வெட்டை நிறுத்தும். அது முடிந்து தை, மாசியில் இலை உதிர்ந்து பால் வற்றும். ஆக, வருடத்தில் பல மாதம் பால்வெட்டுகாரர் வீட்டுச் சங்கிலி எங்கள் பெட்டகத்தில்தான் கிடக்கும்.

அண்டி ஆபீஸ், அதாவது முந்திரித் தொழிற்சாலை, அடைத்தாலும் தெரிந்துவிடும். இங்கே விளையும் கொட்டை காணாது. ஆப்பிரிக்காவில் இருந்து கப்பலில் வர வேண்டும். வரத்து குறைந்தாலோ பருப்பு விலை படுத்தாலோ முதலாளிமார் ஆபீஸை அடைத்துவிடுவார்கள். அடுத்த வாரமே பெண்கள் வரிசையில் நிற்பார்கள். அண்டி தல்லுகிற, அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்கள் கம்மலைக் கழற்றித் தரும்போது அவர்கள் விரல்களைப் பார்த்திருக்கிறேன். நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்திருக்கும். கொட்டைத் தோட்டில் இருக்கிற எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். சாம்பல் தொட்டுக்கொண்டு, எண்ணெய் தேய்த்துக்கொண்டு, எப்படியோ வேலை செய்கிறார்கள். அந்தக் கையால் சம்பாதித்து வாங்கிய அரைப் பவுன் கம்மலுக்கு நான் கழிவு எழுத வேண்டும்.

2011இல் ரப்பர் கிலோ 240 ரூபாயைத் தாண்டியது. அந்த வருடம் எங்கள் சங்கத்தில் வைப்பைவிட எடுப்புத்தான் அதிகம். எடுத்தவர்கள் முகத்தில் இருந்த வெளிச்சம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்புறம் நடந்ததும் கண்ணில் நிற்கிறது. இரண்டு ஏக்கர் ரப்பர் வைத்திருந்தவர்கள் எல்லாம் நல்ல ஓட்டு வீட்டை இடித்தார்கள். கான்கிரீட், மேலே ஒரு மாடி, முன்னால் தூண், கார் நிற்க இடம். கார் இல்லாதவர்களும் கார் நிற்க இடம் விட்டார்கள். விலை இப்படியே இருக்கும் என்று நம்பி, அதற்கும் மேலே கடன் வாங்கினார்கள். 2016 தொடக்கத்தில் கிலோ நூறு ரூபாய்க்கும் கீழே வந்தது. இன்றைக்கு குலசேகரம் ரோட்டில் போனால் அந்த வீடுகளைப் பார்க்கலாம். ரோட்டைப் பார்த்த சுவருக்கு மட்டும் பூச்சும் வண்ணமும் இருக்கும். மற்ற மூன்று பக்கமும் இன்னும் வெறும் கல்.

இந்த நிலையில்தான் ஒக்கி புயல் வந்தது, 2017 நவம்பர் 30. கடற்கரையில் போன உயிர்களை நினைத்தால் மேற்கே விழுந்த மரத்தைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டும். ஒரே நாளில் தோட்டம் தோட்டமாக ரப்பர் சாய்ந்தது. புதுக் கன்று வைத்தால் பால் வெட்ட ஏழு வருடம் ஆகும். அந்த ஏழு வருடத்தைப் பலர் பொன்னை வைத்துத்தான் கடந்தார்கள். வட்டி கட்டி, திருப்பி வைத்து, மறுபடி வட்டி கட்டி. ஒரே சங்கிலியை அத்தனை வருடமும் நான் உரசிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவை உரசும்போதும் கல்லில் ஒரு கீற்றுப் பொன் போகும்.

எங்கள் ஊர் வாட்சப் குழுவில் அடிக்கடி யாராவது எழுதுவார்கள்: அந்தக் காலத்தில் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சாளைக்கறியும் தின்று ஓலைப்புரையில் கிடந்தோம், எவ்வளவு நிம்மதி, காசு வந்துதான் எல்லாம் கெட்டது என்று. எனக்கும் எளிமையாக வாழ ஆசைதான். சின்ன வயதில் இல்லாத ஆசை, இந்த மேசையில் உட்கார்ந்த பிறகு வந்தது. ஆனால் அந்தப் பேச்சை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஓலைப்புரையில் கார்த்திகை மழை எப்படி இருக்கும் என்று என் அம்மையைக் கேட்க வேண்டும். ராத்திரி முழுக்க சட்டி, பானைகளை ஒழுக்குக்கு நேரே நகர்த்திக்கொண்டே இருப்பாளாம். மரச்சீனியை ருசிக்கா தின்றார்கள்? இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூரில் பட்டினியைத் தாங்கியது அந்தக் கிழங்குதான். நெல்லுச்சோறு கிடைக்காததால் தின்றார்கள். அதை எளிய வாழ்க்கை என்று இப்போது நாம் சொல்வது அவர்களுக்குச் செய்கிற நியாயம் இல்லை.

அதற்கும் முன்னால் போனால் இன்னும் கசப்பு. இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்தோடு சேர்ந்தது. அதற்கு முன்பு திருவிதாங்கூர்-கொச்சி, அதற்கும் முன்பு திருவிதாங்கூர். அந்த நாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாதி வரைக்கும் உழைக்கிற சாதிக்காரர்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, மாடி வீடு கட்டக் கூடாது, பொன் நகை அணியக் கூடாது. பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கூட வரக் கூடாது, மேலே துணி போட்டு மறைக்கக் கூடாது. தோள்சீலைக்காக இந்த மண்ணில் அடிபட்டார்கள், வீடுகள் எரிந்தன. 1859இல்தான் அரசு இறங்கி வந்து ஒரு பிரகடனம் போட்டது, அதுவும் அரைகுறையாக. அய்யா வைகுண்டர் சாமித்தோப்பில் தலைப்பாகை கட்டச் சொன்னது அதற்கும் முன்பே. இன்றைக்கும் அங்கே ஆண்கள் தலைப்பாகையோடு போய்த்தான் கும்பிடுகிறார்கள்.

எளிமையைச் சட்டமாக்கித் தலையில் கட்டின ஊர் இது. அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் முதல் காசு கைக்கு வந்ததும் ஒரு பொன் சங்கிலி வாங்கினார்கள், ஓலையை மாற்றி ஓடு போட்டார்கள், ஓட்டை மாற்றி மாடி கட்டினார்கள் என்றால், அதைப் பகட்டு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வராது.

ஒரு பாட்டி பாம்படம் கொண்டுவந்தார். பேத்தியின் நர்சிங் படிப்புக்குப் பணம் வேண்டும். பாம்படத்தில் மேலே மெல்லிய பொன் தகடுதான். உள்ளே முழுக்க அரக்கு. எடையில் பெரும்பகுதியைக் கழிக்க வேண்டும். அதைச் சொல்வது எனக்கு எப்போதுமே சங்கடம், கேட்கிறவர்கள் முகம் விழுந்துவிடும். நான் இழுத்து இழுத்துச் சொன்னதும் அவர், “உள்ள அரக்குன்னு எனக்குத் தெரியும் மக்கா. இது எனக்க அம்மைக்க காதுல கிடந்தது. அவளுக்க அம்மைக்க காதுல ஓலைச்சுருள்தான் கிடந்துது. நீ பாத்து எழுது” என்றார்.

பேத்தி வேலைக்குப் போன வருடமே அதை மீட்டார்கள். இந்த மாதிரிப் பணயத்தில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பொன் அதற்குத்தானே. படிப்புக்கு, ஆஸ்பத்திரிக்கு, விதைக்கு. வங்கியில் ஈடு கேட்கும்போது சொல்ல ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத பெண்ணின் கையில் இருக்கிற ஒரே சொத்து அது. யாருக்கும் கையெழுத்துக் கேட்காமல், புருஷனிடம்கூடக் கேட்காமல் அவளால் பணமாக்க முடிந்த சொத்து. எனக்குப் பொறுக்க முடியாதது வெள்ளிக்கிழமை எடுப்பும் திங்கட்கிழமை வைப்பும்தான். அந்த மூன்று நாள் நகை யாருக்காக? பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கிறவள் கழுத்தைப் பார்ப்பாளே என்பதற்காக. அந்தப் பக்கத்து இலைக்காரியும் அதே வெள்ளிக்கிழமை என் முன்னால் வரிசையில் நின்றவள்தான். எனக்கு மட்டும் அது தெரியும். தொழில் தர்மம், வாயைத் திறக்க முடியாது.

என் அப்பாவுக்கு வடசேரியில் பட்டறை. கோயில் நகை செய்கிறவர். நாகர்கோவில் கோயில் நகைக்கு இப்போது புவிசார் குறியீடு இருக்கிறது. அப்பா வேலை செய்த காலத்தில் அந்தப் பெயரெல்லாம் கிடையாது. வெள்ளியில் அடித்து, கெம்புக்கல் பதித்து, பொன் ஏற்றி, சாமிக்கும் நாட்டியக்காரர்களுக்கும் மாலையும் தலைசாமானும் செய்வார். குமுட்டி அடுப்பு, ஊதுகுழல், குறடு, கம்பி இழுக்கிற அச்சு, வெண்காரம். பட்டறை மண்ணைக்கூட வீணாக்க மாட்டார்கள். கூட்டி வைத்தால் அரித்துப் பொன் எடுக்கிறவர்கள் வந்து விலைக்கு வாங்கிப் போவார்கள். இடையில் ஊர்க்காரர்களுக்கும் கல்யாண நகை செய்வார். டீக்கடைக்காரர் மகளுக்கு ஐந்து பவுன், வாத்தியார் மகளுக்கு ஏழு பவுன். நகை செய்யக் கொடுத்தவர் நேரே பட்டறைக்கு வந்து, உருக்குவதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஒரு மாலைக்கு மாதக்கணக்காகும். யாரும் அவசரப்படுத்தியதாக எனக்கு நினைவில்லை.

அக்காவுக்குக் கல்யாணம் பேசியபோது அந்தக் காலம் முடிந்துபோயிருந்தது. பையன் வீட்டார் எண்ணைச் சொன்னார்கள். முப்பத்தைந்து. அப்பா தலையாட்டிவிட்டு, நானே செய்துவிடுகிறேன் என்றார். அவருக்கு அதில் ஒரு பெருமை. மகளுக்குத் தன் கையால் செய்துபோட வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க நினைத்திருந்தவர். பையனின் மாமா ஒருவர், “அது வேண்டாம், கடை பில்லோட வாங்கிப் போடுங்க, அப்பதான் எல்லாருக்கும் திருப்தி” என்று சொன்னார். அப்பா ஒன்றும் பேசவில்லை. பட்டறை இருந்த ஆறு சென்ட்டையும் அதை ஒட்டிய திண்ணை வீட்டையும் விற்றார். பெரிய கண்ணாடிக் கடையில், குளிர்பதன அறையில் உட்கார்ந்து, மெஷினில் வெட்டிய மாலைகளைத் தட்டில் வைத்துக் காட்டியதில் முப்பத்தைந்து பவுனை எண்ணி வாங்கினார். செய்கூலி, சேதாரம் என்று பில்லில் போட்டிருந்ததை அவர் வாசித்த விதத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தன் சொந்த வேலைக்கு அவர் அதில் நாலில் ஒரு பங்குகூட வாங்கியதில்லை. அதற்கப்புறம் அவர் ஊதுகுழலைத் தொடவில்லை. கருவிகளைத் துடைத்து டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அக்காவின் அந்த நகை கல்யாணமான இரண்டாம் வருடமே அவள் புருஷனின் வளைகுடா விசாவுக்காகப் பணயம் போனது. ஏஜெண்ட் ஏமாற்றிவிட்டான். எல்லாம் ஏலத்தில் போயிற்று.

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டிலேயே அதிகம் என்று நாம் பெருமையாகச் சொல்கிற மாவட்டம் இது, 2011 கணக்கெடுப்பில் 91 சதவீதத்துக்கும் மேல். அந்தப் படிப்பே இங்கே விலையைக் கூட்டுகிறது. பையன் என்ஜினீயர் என்றால் ஒரு எண், டாக்டர் என்றால் இன்னொரு எண். பெண்ணும் அதே படிப்புப் படித்திருந்தால் எண் குறையும் என்று யாராவது நினைத்தால் அது நடக்காது. நகையோடு முடிகிறதா? கல்யாணத்துக்குப் பிறகு பெண் வீட்டார் பையன் வீட்டுக்கு அடுக்களை காணப் போகும்போது பீரோ, கட்டில், பிரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று டெம்போ நிறைய ஏற்றிப் போக வேண்டும். கவலையோடு சொல்கிறேன், பெண்ணைப் பெற்றவர்களே அந்த டெம்போவை ஊர் சுற்றி ஓட்டிக்கொண்டு போகச் சொல்கிறார்கள்.

சரி, எளிமையாக வாழ்வது என்றால் நான் எதைச் சொல்கிறேன்? ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால் புரியும். அண்டி ஆபீஸில் வேலை. வீட்டுக்காரர் கொத்தனார், திருவனந்தபுரம் பக்கம் வேலைக்குப் போனவர் சாரத்தில் இருந்து விழுந்து இடுப்பு போயிற்று. மாலையும் இரண்டு வளையலும் எங்களிடம் பணயம். வருடா வருடம் திருப்பி வைப்பார். ஒரு நாள் நான் பொதியைக் கட்டப் போகும்போது, “அண்ணே, இத வித்தா என்ன கிடைக்கும்?” என்று கேட்டார். வழக்கமாக யாரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. துண்டுத்தாளில் போட்டுக் காட்டினேன். அன்றைய விலை, கழிவு, கடன் பாக்கி, கையில் நிற்பது. தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் வந்து கணக்கை முடித்தார். விற்றுவிட்டார், மாலையோடு தாலிச் சங்கிலியையும் சேர்த்து. மளிகைக்கடைப் பாக்கி, குழுக் கடன் பாக்கி எல்லாம் தீர்ந்தது. ஒழுகின கூரையை மாற்றினார். மிச்சத்தைத் தபால் ஆபீஸில் போட்டார்.

அந்த ஆவணியில் ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். கழுத்தில் மஞ்சள் கயிறு. பந்தியில் நடுவில் உட்கார்ந்து, பருப்பு, சாம்பார், புளிசேரி எல்லாம் கேட்டு வாங்கி, கடைசியில் அடைப் பாயசத்தில் மட்டிப்பழமும் பப்படமும் நொறுக்கிப் போட்டு வயிறாரச் சாப்பிட்டார். பின்னால் இருந்து யாரோ, எங்கே மாலை என்று கேட்டதற்கு, “வித்தாச்சு” என்றார். அவ்வளவுதான். விளக்கமும் இல்லை, கண்ணீரும் இல்லை. அந்தப் பந்தலில் எத்தனை கழுத்துகளைப் பற்றி எனக்குத் தெரியும்! அத்தனை பேரிலும் திங்கட்கிழமையைப் பற்றிப் பயம் இல்லாமல் சாப்பிட்டவர் அவர் ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றியது. எனக்கு வேண்டிய எளிமை அதுதான். கஞ்சியும் வேண்டாம், ஓலைப்புரையும் வேண்டாம். “வித்தாச்சு” என்று அந்தக் குரலில் சொல்ல முடிந்தால் போதும்.

இதற்கு எதிர்ப்பேச்சு உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. 2005 வாக்கில் ஐயாயிரத்தைச் சுற்றி நின்ற பவுன், 2011இல் இருபதாயிரத்தைத் தொட்டது, 2025இல் எழுபதாயிரத்தையும் தாண்டிப் போயிற்று. வைத்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு கிடைத்திருக்கும் என்று சங்கத்திலேயே பேசினார்கள். 2021இல் அரசு கூட்டுறவுச் சங்கங்களில் ஐந்து பவுன் வரைக்குமான நகைக்கடனைத் தள்ளுபடி செய்தபோது, கொஞ்சம் பொறுத்திருக்கலாமே என்றும் சொன்னார்கள். கணக்குப்படி சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் கணக்குப் போடுகிறவர்கள் நடுவில் கட்டின வட்டியைச் சேர்ப்பதில்லை. கட்ட முடியாமல் ஏல நோட்டீஸ் வந்து பத்திரிகையில் பெயர் வந்தவர்களையும் சேர்ப்பதில்லை. விலை ஏறினால் நகையை எடுப்பார்கள் என்று நினைப்பீர்கள். நான் பார்த்தது வேறு. விலை ஏறினால் அதே மாலைக்குக் கூடுதல் கடன் கிடைக்கும், அதனால் கூடுதல் கடன் வாங்குவார்கள். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி, இரண்டரை லட்சம் வரைக்குமான நகைக்கடனுக்கு மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று விதியை மாற்றியது. முன்பு 75. ஏழைக்கு உதவி என்றார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு நிற்கிறவனுக்கு உதவிதான். மகளின் கல்யாணத்துக்கு இன்னொரு பவுன் என்று நிற்கிறவனுக்கு அது இன்னொரு முடிச்சு.

எங்கள் மகளுக்கு வருகிற ஆவணியில் கல்யாணம். பையனுக்குக் கருங்கல் ஊர்ப் பக்கம். அவன் அப்பா பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், நேரே பேசுகிற மனிதர். “எனக்குக் கேட்க ஒண்ணும் இல்ல, பிள்ளைகள் சந்தோசமா இருந்தா போதும்” என்றார். இந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு அப்புறம் எண் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் அடுத்த வாரமும் போய்க் கேட்டேன். அவர் அதையேதான் சொன்னார்.

தாலி மட்டும் போதும் என்று நான் வீட்டில் சொன்னேன். என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. “உங்க அம்மைக்க வளையல் இல்லேன்னா அன்னைக்கு மாமாவுக்கு ஆபரேசன் நடந்திருக்குமா?” என்று கேட்டாள். உண்மை. அப்பாவுக்கு இருதயத்தில் அடைப்பு வந்தபோது ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டச் சொன்ன அன்று ராத்திரி அம்மையின் வளையல்தான் எங்களைக் காப்பாற்றியது. பெண்ணுக்குத் தனக்கென்று கொஞ்சம் பொன் வேண்டும் என்பதில் அவளை மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. மகளிடம் கேட்டோம். மூன்று வருடமாக ஒரு லேபில் வேலை செய்கிறாள், தன் சம்பளத்தில் சேர்த்தும் வைத்திருக்கிறாள். “எட்டு போதும். பில்லு எனக்க பேர்ல இருக்கணும், எனக்க லாக்கர்ல இருக்கணும்” என்றாள். அப்படியே முடிவானது. கார் இல்லை, ரொக்கம் இல்லை, டெம்போவும் இல்லை. மாடி கட்ட வைத்திருந்த திட்டத்தையும் விட்டுவிட்டோம். கீழே இருக்கிற மூன்று அறையே எங்கள் இரண்டு பேருக்கும் அம்மைக்கும் தாராளம். அந்தப் பணத்தில் கல்யாணச் செலவு கடன் இல்லாமல் போகும்.

எட்டு பவுனில் இரண்டு பவுன் வளையலை நானே செய்யலாம் என்று இருக்கிறேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அரம் துருப்பிடித்திருந்தது, புதிதாக வாங்க வேண்டும். குறடும் அச்சும் நன்றாக இருக்கின்றன. மகள் பில் கேட்டாள் அல்லவா, செய்து முடித்ததும் நாகர்கோவிலில் ஹால்மார்க் சென்டரில் கொடுத்து முத்திரை வாங்கி, அந்த ரசீதை அவள் பெயரில் வாங்க வழி இருக்கிறதா என்று பழக்கமான ஒரு கடைக்காரரிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். சங்க வேலையை விட்ட பிறகு மெட்டி, கொலுசு, சின்னச் சின்ன ஒட்டு வேலை என்று வீட்டிலேயே உட்கார்ந்து செய்ய வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. அதற்குக் கை பழகினதாகவும் இருக்கும்.

இப்போது வீட்டில் பேச்சு சுருளைப் பற்றி, அதாவது கல்யாணத்துக்கு வருகிறவர்கள் வைக்கிற மொய்ப்பணத்தைப் பற்றி. சுருள் வாங்குவதில்லை என்று அழைப்பிதழில் போட வேண்டும் என்பது என் எண்ணம். எங்கள் கல்யாணத்துக்கு வர வேண்டும் என்பதற்காக ஒருத்தரும் வெள்ளிக்கிழமை வரிசையில் நிற்கக் கூடாது, சுருள் வைக்கவும் யாரிடமும் போய் நிற்கக் கூடாது. மனைவி நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். இத்தனை வருடத்தில் நாங்கள் யார் யாருக்கு எவ்வளவு வைத்தோம் என்று அதில் எழுதியிருக்கிறது. அது திரும்ப வரும் என்று நம்பித்தான் பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் முன்பணம் பேசியிருக்கிறாளாம். வாங்காவிட்டால் கொடுக்க வந்தவர்கள் மனம் வருந்தும், நம்மைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று நினைப்பார்கள் என்றும் சொல்கிறாள். அதிலும் நியாயம் இருக்கிறது. அம்மை அவள் பக்கம், மகள் என் பக்கம். அழைப்பிதழ் அச்சுக்குப் போக இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அதற்குள் எப்படியாவது அவளைச் சம்மதிக்க வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன்.